எல்லார்க்கும் ஒரே கணிப்பொறி

நிரல் எழுதக் கற்கப் புகும் இளைஞர் பலர், முதற்கிழமையிலேயே "இஃது எனக்கு வாராது" என்று கைவிட்டுப் போகின்றனர். அவர்தம் அறிவில் குறையொன்றுமில்லை. ஆசிரியர் கணிப்பொறியில் ஓடிய நிரல் அவர்தம் பொறியில் ஓடவில்லை, அவ்வளவே. இயங்குதளம் வேறு, மொழியின் பதிப்பு வேறு, துணைநிரல்கள் வேறு. பொறியின் குறையைத் தன் குறையாக எண்ணி மாணவன் நாணுகின்றான்.

தமிழன்பர்க்கு விளங்கும் சான்றொன்று காட்டுவோம். தமிழ்ச் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்துவது எளிய பயிற்சி. இலினக்சுப் பொறியின் இட அமைப்புச் 'சி' என்றிருப்பின், அஃது எழுத்துகளை ஒருங்குறி எண்வரிசையிலேயே அடுக்கும். அப்போது சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே வடவெழுத்தாகிய ஜகரம் வந்து அமர்ந்துகொள்ளும்! இறுதியில் நிற்கவேண்டிய னகரம் பகரத்திற்கு முன்னே ஏறும். ழகர ளகரங்கள் வகரத்தை முந்தும். இட அமைப்புத் தமிழ்நெறி அறிந்ததாயின், அதே கட்டளை நம் நெடுங்கணக்கின்படி அடுக்கும். ஒரே நிரல், இரு மாணவர், இருவேறு விடை. பிழை செய்தார் யார்? ஒருவருமிலர்.

இதற்கு மருந்து மெய்ந்நிகர்க் கணிப்பொறி; அஃதாவது, பொறிக்குள்ளே மென்பொருளால் ஆக்கப்பெறும் மற்றொரு பொறி. வர்ச்சுவல்பாக்சு போன்ற மென்பொருள் அதனைத் தாங்கும். மிட்செல் ஆசிமோட்டோ 2010-இல் வெளியிட்ட வேக்ரண்ட்டு, ஒரு கோப்பைப் படித்து அதனை ஆக்கித் தரும். (பெயரின் பொருள் நாடோடி; தொழிலோ எங்கும் ஒரே வீட்டைக் கட்டுவது!) எந்த அடிப்படைப் பெட்டி, எவ்வளவு நினைவகம், எவற்றை நிறுவுவது என்பனவெல்லாம் அக்கோப்பில் உள. 'வேக்ரண்ட்டு அப்' என்றால் பொறி எழும். 'வேக்ரண்ட்டு டெசுட்ராய்' என்றால் அழியும். இரு பொறிக்கும் பொதுவான கோப்புறையில் வைத்த பாடங்கள் அழியா. ஆதலின் தொடக்கநிலையர் அஞ்சாது கெடுத்துப் பழகலாம்.

ஆசிரியர் சிலர், முழுதும் ஆக்கிமுடித்த பொறியைப் பல கிகாபைட்டு அளவினதாகப் படியெடுத்துக் கையிற் கொடுத்துவிடுகின்றனர். இதனை யாம் ஒப்போம். உள்ளே யார் எதை எப்போது மாற்றினார் என்பது எவர்க்கும் தெரியாது. கோப்போ சில பத்து வரிகளே; மாற்றம் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலனாகும்.

எனினும் கோப்பிருந்தால் மட்டும் போதாது. பெட்டியின் பதிப்பெண்ணையும் துணைநிரல்களின் பதிப்பெண்களையும் எழுதிவைத்தல் வேண்டும். எழுதாவிடின், ஆனியிற் சேர்ந்தவனுக்கு ஒரு பொறியும் தையிற் சேர்ந்தவனுக்கு வேறொரு பொறியும் வாய்க்கும். இட அமைப்பையும் ஒரு வரியாற் குறித்துவிடின் ஜகரத் தொல்லை தீர்ந்தது. வழிகாட்டி எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் விட்டுவிடுகின்றனர். தடைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று: பொறியின் அடிநிலை அமைப்பில் மெய்ந்நிகராக்கம் அணைந்திருக்கலாம், 4 கிகாபைட்டு நினைவகம் திணறும், 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுடன் விற்கும் பொறிகளுக்கு இண்டெல் பொறிக்கான பெட்டி பொருந்தாது.

அக்கோப்பு உரூபி மொழியில் அமைவது. 2013-இல் வந்த அதன் 2.0 பதிப்பு முதல், ஒருங்குறித் தமிழைத் தனி அறிவிப்பின்றியே ஏற்கிறது. ஆதலின் வரிதோறும் விளக்கவுரையைத் தமிழிலேயே எழுதத் தடையில்லை. விளக்கமில்லாக் கோப்பை மாணவன் கையிற் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் என் செய்கிறதென்று தன் தமிழில் அவன் எழுதட்டும். பின் பொறியை அழித்து, மீண்டும் எழுப்பிக் காட்டட்டும்.