சில்லிடும் விரல்களும் மார்க்கம் தரும் இலகுவும்

மார்கழி அதிகாலையில் உளூச் செய்யத் தொட்டித் தண்ணீரில் கை வைத்ததும் சில பிள்ளைகளின் விரல்கள் வெளிறி மரத்துப் போகின்றன. பின்னர் நீலம் பாரிக்கின்றன. சற்று நேரம் கழித்துச் சிவந்து, எரிச்சலோடு துடிக்கின்றன. மேலப்பாளையம் போன்ற வெயில் ஊரில், குளிரால் கை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை கூறினால் யாரும் எளிதில் நம்புவதில்லை. சுபுஹுக்கு எழச் சோம்பல் என்று ஏசும் வீடுகள் உண்டு. கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. பெண்பிள்ளையாயின், பெண் கேட்டு வருவோர் காதில் விழக் கூடாதென்று மறைப்பதும் நடக்கிறது.

இது சோம்பலன்று, நோய். 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. குளிரோ மன அழுத்தமோ தாக்கும்போது விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. பதின்பருவத்தில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், இது தொடங்குவதுண்டு. பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆயினும் விரல் நுனியில் புண், மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, தோல் இறுகுதல், ஒரு கையில் மட்டும் வலி ஆகியவை இருந்தால், உள்ளே வேறு நோய் இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதை அறிய இயலாது. மூடி மறைத்தால் இழப்பது பிள்ளையின் விரலாகவும் இருக்கலாம்.

நம் ஊருக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. இங்கே பல வீடுகளுக்குச் சோறு போடுவது பீடி. புகையிலையின் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தூளைக் கையாளும்போது தோல் வழியாகவும் உடலில் ஏறும். ஆகவே விரல் வெளிறும் பிள்ளையைப் பீடித் தட்டின் அருகே அமர்த்தக் கூடாது. வருமானம் குறையும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறோம். புகைபிடிக்கும் வாலிபருக்கோ, விரல்களையே அழுகச் செய்யும் பர்கர் நோயின் அபாயமும் உண்டு.

"சிரமத்திலும் உளூவை முழுமையாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மையே. ஆனால் அது சிரமத்தைத் தாங்குவதன் சிறப்பைக் கூறுகிறது. தீங்கை வலிந்து ஏற்கச் சொல்லவில்லை. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் கடமையான குளிப்பை விட்டுத் தயம்மும் செய்து தொழவைத்தார் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி). உயிருக்கு அஞ்சியதாக அவர் விளக்கியபோது நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

அம்ர் (ரலி) இருந்த நிலை வேறு. நம் வீடுகளில் அடுப்பு இருக்கிறது. எனவே முதலில் வெந்நீர்தான். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். மரத்த விரலுக்குக் கொதிநீரின் சூடு தெரியாது, வெந்துவிடும். வெந்நீருக்கும் வழியில்லாமல், குளிர்ந்த நீர் தீங்கு தரும் என்று மருத்துவர் கூறினால், தயம்மும் பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் குளிர்காலத்தில் ஒரு வாளி வெந்நீருக்கு ஏற்பாடு செய்வது பெரிய செலவன்று.

வலி வந்தால் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றலாம், தோள்களைச் சுழற்றலாம். வெளியே செல்கையில் உடல் முழுவதும் கதகதப்பாக இருக்க வேண்டும். கையுறை மட்டும் போதாது. இவற்றால் அடங்காவிடில் நிஃபெடிபின் போன்ற இரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகள் உண்டு. மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை. மாநிறத் தோலில் வெளுப்பு உடனே தெரியாது. நகத்தையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.

ஓதிப் பார்ப்பதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கியவன் அல்லாஹ். அதைத் தேடுவது பெற்றோராகிய நம் பொறுப்பு. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.