விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் சூது



1985இல் வெளிவந்த மரியோ ஆட்டத்தில் 32 கட்டங்கள். கேசட்டைச் செருகி நம்மில் பலர் ஆடியதுதான். திறமையிருந்தால் ஆட்டம் முடியும். மேற்கொண்டு பைசா செலவில்லை.

இன்று திண்டுக்கல் பேகம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிள்ளைகள் கைபேசியில் ஆடும் போர் ஆட்டங்களைப் பாருங்கள். பதிவிறக்கம் இலவசம்; முடிவோ கிடையாது. வீரனுக்குப் புது உடுப்பு வேண்டுமா? காசு கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம்!

2020இல் பப்ஜி தடைசெய்யப்பட்டது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பெட்டிக்காக அல்ல. 2021இல் அது வேறு பெயரில் திரும்பியது. பெட்டியும் கூடவே வந்தது.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் பெட்டியில் வருவது பணமல்ல, உடுப்பு என்பதால் சூது இல்லை என்றாகிவிடுமா? காசுக்குத் திறக்கும் பெட்டி சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018இலேயே தீர்மானித்தது. நம் அரசும் அதைச் செய்ய வேண்டும்.

பெற்றோர்களே! கைபேசியைப் பிடுங்கி அடிப்பதால் பயனில்லை. பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, "இதில் ஜெயிப்பது உன் திறமையா, அத்தா காசா?" என்று கேளுங்கள். காசு என்றால் அன்றே நிறுத்துங்கள்.