300 ரூபாய் முயலுக்கு 21,200 ரூபாய் செலவு பண்ணலாமா? ஒரு சிஏ-வோட பதில்

வழக்கமா எஸ்ஐபி, டாக்ஸ், ஹோம் லோன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு முயலைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா, இதுவும் பணத்தைப் பத்தின பதிவுதான்னு புரியும்.

எங்க சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில். குடைவரை கோயிலும், குதிரை இழுக்குற தேர் மாதிரி செதுக்கின மண்டபமும் உள்ள ஊர். என் தம்பி பெங்களூருல ஐடி வேலை. வீட்டுல இருந்தே வேலை பார்த்த காலத்துல 300 ரூபாய்க்கு ஒரு வெள்ளை முயல் வாங்கினான். பேரு பஞ்சு. ஆபீஸுக்கு வரச் சொன்னதும் பஞ்சுவை ஊருல அம்மாகிட்ட விட்டுட்டுப் போயிட்டான். உங்கள்ல எத்தனை பேர் இப்படி அம்மா தலையில கட்டிட்டு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்!

ஒரு மே மாசம், காலையில அம்மா போன். "தம்பி, நேத்து சாயங்காலத்துல இருந்து முயல் ஒண்ணும் திங்கலய்யா. புழுக்கையும் போடல. மூலையில குந்திக்கிட்டே இருக்கு."

தம்பிகிட்ட சொன்னேன். "சனிக்கிழமை வர்றேண்ணே, பார்த்துக்கலாம்"னான். அன்னைக்கு செவ்வாய்க்கிழமை.

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க

முயல் நாய் மாதிரி இல்ல. வலியை வெளியில காட்டாது. மத்த மிருகங்களுக்கு இரையாகுற உயிரினம், அதனால நோயை மறைக்கிறது அதோட இயல்பு. நமக்குத் தெரியுற அளவுக்கு வந்துட்டாலே நிலைமை முத்திடுச்சுன்னு அர்த்தம். அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். 10, 12 மணி நேரம் சாப்பிடாம, புழுக்கை போடாம இருந்தா அது அவசரம். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது.

பல்லும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க வளர்ந்துக்கிட்டே இருக்கும். புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயணும். நாம பாசத்துல கேரட்டும் பிஸ்கட்டும் கொடுக்குறோம். பல் தேயாம, கூர்மையாகி, நாக்கையும் கன்னத்தையும் குத்துது. வலியில சாப்பாட்டை நிறுத்துது. சாப்பிடலேன்னா குடல் நிக்குது. பஞ்சுவுக்கு நடந்தது இதுதான்.

பக்கத்துல உள்ள கால்நடை மருத்துவர் நல்ல மனுஷன். "நான் ஆடு, மாடு பார்க்குறவன். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து பல்லு பார்க்குற வசதி இங்க இல்ல. திருச்சிக்குக் கொண்டு போங்க"ன்னு நேரடியாவே சொல்லிட்டார். அந்த நேர்மைதான் முயலைக் காப்பாத்துச்சு.

பில் இதோ

முதல் நாள் பரிசோதனை, எக்ஸ்ரே, ஊசி: 2,900
மயக்கம் கொடுத்து கடைவாய்ப் பல் சீரமைப்பு: 7,500
மருந்து, சிரிஞ்சுல ஊட்டுற மாவு: 3,600
நாலு தடவை திரும்பப் போய்க் காட்டினது: 2,400
திருச்சி போய் வந்த கார் செலவு: 4,800
மொத்தம்: 21,200 ரூபாய்

ஊருல எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "இதுக்கு 70 முயல் வாங்கலாமே?"

கணக்கு சரிதான். ஆனா கேள்வி தப்பு. ஏன்னு சொல்றேன்.

எங்க மாவட்டம் ஜல்லிக்கட்டுக்குப் பேர் போனது. 2019 ஜனவரியில விராலிமலையில ஒரே நாள்ல 1,300-க்கும் மேல காளைங்க அவிழ்த்து விடப்பட்டுச்சு. அந்தக் காளைகளுக்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நீச்சல் பயிற்சின்னு குடும்பமே செலவு பண்ணும். காளை செத்தா மாலை போட்டு, ஊர்வலமா கொண்டு போய் அடக்கம் பண்ணுவாங்க. "இந்தக் காசுல உழவு மாடு ரெண்டு வாங்கலாமே"ன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா அடி விழும்!

ஆடு வளர்க்குறது வேற. அது சொத்து. வைத்தியச் செலவு விலையைத் தாண்டினா வித்துடுறது வியாபார முடிவு, அதுல தப்பில்ல. ஆனா செல்லப் பிராணி உங்க பேலன்ஸ் ஷீட்டுல சொத்துப் பக்கம் வராது, கடமைப் பக்கம்தான் வரும். வாங்கின விலைக்கும் அந்தக் கடமைக்கும் சம்பந்தமே இல்ல.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்குறவங்க அதோட நலனுக்குப் பொறுப்பு. பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சும் காரணமில்லாம கைவிடுறது குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். ஆமா, பூஜ்யம் எதுவும் விட்டுப் போகல. அதனால சட்டத்துக்குப் பயந்து யாரும் முயலைக் காப்பாத்தப் போறதில்ல. நாமளா முடிவு பண்ணணும்.

அதுக்காக கடன் வாங்கிப் பார்க்கலாமா?

இங்கதான் நான் கறார். கூடாது.

தம்பி முதல்ல கிரெடிட் கார்டைத்தான் எடுத்தான். 15,000 ரூபாயைக் கட்டாம இழுத்தா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலும் 525 ரூபாய். வருஷத்துக்கு 42%. பாசத்துக்கு வட்டி கிடையாது, கார்டுக்கு உண்டு.

எமர்ஜென்சி ஃபண்டுலயும் கை வைக்காதீங்க. அது வேலை போனா வாடகை கட்ட, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா அட்மிஷன் போட. பஞ்சுவுக்குத் தனி டப்பா வேணும்.

ஒரு முயல் நல்லாப் பார்த்துக்கிட்டா 8-ல இருந்து 12 வருஷம் வாழும். தீனி, கூண்டு, வைத்தியம் எல்லாம் சேர்த்து மாசம் 1,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. 10 வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். நீங்க வாங்குறது 300 ரூபாய் முயல் இல்ல, 1,20,000 ரூபாய் பொறுப்பு. வாங்குற அன்னைக்கே இந்தக் கணக்கைப் போடுங்க. முடியலேன்னா வாங்காதீங்க. அதுவும் ஒரு நல்ல மனசுதான்.

அந்த 1,000-ல 500 ரூபாயை வைத்தியத்துக்குன்னு ஆர்டி போடுங்க. மூணு வருஷத்துல வட்டி இல்லாமலே 18,000 ஆயிடும். பஞ்சுவோட பில்லுக்கு ஏறக்குறைய போதும்.

இன்னும் மூணு விஷயம்:

1. இன்சூரன்ஸ் இருக்குன்னு நம்பி இருக்காதீங்க. இங்க கிடைக்குற செல்லப் பிராணி பாலிசிகள் பெரும்பாலும் நாய், பூனைக்குத்தான்.
2. உங்க மெடிக்கல் பாலிசிக்குக் கிடைக்குற வரிக் கழிவுல முயல் வைத்தியச் செலவைக் காட்ட முடியாது. கேக்குறாங்க, அதான் சொல்றேன்.
3. கால்நடை கிளினிக் கொடுக்குற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஃபீஸ் மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. தனியா வாங்குற மருந்துக்கு வரி உண்டு.

செலவைக் குறைக்க ஒரே வழி, முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிறது. முயல் பார்க்குற மருத்துவர் எங்க இருக்கார்னு முயல் நல்லா இருக்கும்போதே விசாரிங்க. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடுன்னு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. தட்டு நிறைய புல் வைங்க. கேரட் எப்பவாவது போதும். நம்ம ஊர் வெயில் அதுக்கு ஆகாது, நிழலும் காத்தும் வேணும். நமக்கு வாங்கின மாத்திரையை உடைச்சுக் கொடுக்காதீங்க. அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கை வாய் வழியா கொடுத்தா முயல் உயிருக்கே ஆபத்து.

எங்க நிறுத்துறது?

பஞ்சு தேறுச்சு. ரெண்டு மாசம் நல்லா ஓடியாடுச்சு. அப்புறம் தாடையில வீக்கம். பல் வேருல சீழ் கட்டி, எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஆபரேஷனுக்கு 20,000 ஆகும், திரும்ப வராதுன்னு உறுதி சொல்ல முடியாதுன்னார் டாக்டர்.

இந்தத் தடவை தம்பி பணம் ரெடின்னான். நான் மூணு கேள்வி கேட்டேன். இது குணமாகுற நோயா, தள்ளிப் போடுற நோயா? மிச்ச நாள்ல அது நிம்மதியா சாப்பிடுமா? ஏற்கெனவே 21,200 போட்டுட்டோமேங்கிறதால மேல போடுறோமா?

மூணாவது கேள்விக்கு அவன் பதில் சொல்லல. நஷ்டத்துல ஓடுற ஷேரை விடாம பிடிச்சிருக்கிறோமே, அதே மனசுதான் இது. போன பணம் போனதுதான். இனிமே போடப் போற பணம் அந்த உயிருக்கு என்ன கொடுக்கும்ங்கிறதுதான் கணக்கு.

ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணினோம். வலிக்கு மருந்து, அம்மா கையால சிரிஞ்சுல ஊட்டல். தம்பி ரெண்டு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்து இருந்தான். 16-வது நாள் பஞ்சு போயிடுச்சு. கொல்லையில வேப்பமரத்தடியில புதைச்சோம்.

என்னைக் கேட்டா, முதல்ல செலவு பண்ணின 21,200-ம் சரி, ரெண்டாவது செலவு பண்ணாத 20,000-மும் சரி. தப்பான முடிவு ஒண்ணே ஒண்ணுதான்: "சனிக்கிழமை பார்த்துக்கலாம்."

தம்பி அந்த 500 ரூபாய் ஆர்டியை பஞ்சு போன பிறகு ஆரம்பிச்சான். எதுக்குடான்னு கேட்டேன். "அடுத்ததை வாங்குறதுக்கு முன்னாடி சேர்த்துடலாம்னுதான்ணே"ன்னான்.

உங்க வீட்டுல ஒரு பஞ்சு இருந்தா, இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, அது சாப்பிட்டுச்சான்னு கேளுங்க.