தேரோட்டமும் ஒரு மிடறு தண்ணீரும்

விவிலியக் கதைகளைத் திரையிற் காண்பதில் மக்களுக்கு என்றுமே ஆவல் உண்டு. லூ வாலஸ் 1880இல் எழுதிய ‘பென்ஹர்’ நாவலை வில்லியம் வைலர் 1959இல் திரைப்படமாக்கினார். அது 11 ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

அதன் தேரோட்டப் போட்டியைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், உள்ளத்தில் நிலைப்பது வேறொரு காட்சி. விலங்கிடப்பட்டுத் தாகத்தால் வீழ்ந்து கிடக்கும் கதைத்தலைவன் யூதாவுக்கு, நாசரேத்தூரில் இயேசு தண்ணீர் கொடுக்கின்றார். தடுக்க வந்த உரோமப் போர்வீரன் அவர் முகத்தைக் கண்டதும் பேச்சிழந்து பின்வாங்குகின்றான். அம்முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. காட்டாமையே அக்காட்சியின் வலிமை.

குறையும் அப்படத்திலேயே உண்டு. மூன்று மணி நேரமாக வளர்ந்த பகையுணர்ச்சி, இயேசுவின் மரணத்தின்பின் சில நிமிடங்களிற் கரைந்துவிடுகின்றது. தொழுநோயுற்ற தாயும் தங்கையும் அப்பொழுதே குணமடைகின்றனர். வெறுப்பைக் கைவிடுவது அத்துணை எளிதா? பல காலம் நெஞ்சோடு போராடிப் பெறவேண்டியதை மழையும் இசையும் நமக்கு இலவசமாகத் தந்துவிடுகின்றன. அற்புதத்தைப் படம்பிடிக்கலாம், மனமாற்றத்தைப் படம்பிடிப்பது அரிது.

பிள்ளைகளோடு இப்படத்தைப் பார்க்கும் பெற்றோர், தேரோட்டத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், அந்த ஒரு மிடறு தண்ணீரைப் பற்றியும் பேசுவாராக.