குளிர்காலப் பகுதி: பொடிப்பனியில் வண்டி திருப்பும் வித்தை

குளிர்காலம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் காலம் என்பது பெரியவர்களின் எண்ணம். கனடாவில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் இல்லை. படிப்புக்காகவோ உத்தியோகத்துக்காகவோ பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம் போகும் இளைஞரை, அங்குள்ள நண்பர்கள் என்றாவது ஒரு சனிக்கிழமை ஸ்னோமொபைலில் மலைக்கு அழைக்கத்தான் செய்வார்கள். போகாதே என்று ஒரு சொல்லில் தடுப்பதைவிட, அந்த வித்தை எப்படிப்பட்டது, அதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நன்மை தரும்.

இந்த வண்டி விளையாட்டுக்காக மட்டும் தோன்றியது அன்று. கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்னும் ஊரில் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே (1907–1964) இளவயதிலிருந்தே பனியில் ஓடும் வாகனம் ஒன்றைச் செய்ய முயன்று வந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் கடும் வயிற்று நோயால் வருந்தியபோது, பாதைகள் பனியால் மூடிக் கிடந்தபடியால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியவில்லை, குழந்தை இறந்துவிட்டது. அவர் முயற்சியைக் கைவிடவில்லை. சில ஆண்டுகளில் ஏழு பேர் செல்லக்கூடிய பனி வாகனத்தை உருவாக்கினார். 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய ‘ஸ்கீ-டூ’ வண்டி விற்பனைக்கு வந்தது. இன்று மலைகளில் ஓடும் வண்டிகள் அந்த வழியில் வந்தவையே.

வண்டியின் அமைப்பு எளிது. முன்னால் இரண்டு ஸ்கீகள். பின்னால் யந்திரத்தால் சுழலும் ஒரு ரப்பர் பட்டை. ஹாண்டிலைத் திருப்பினால் ஸ்கீகள் திரும்பும். யந்திரத்தால் அழுத்திச் சமன் செய்த பாதையில் ஸ்கீயின் அடியிலுள்ள உலோக விளிம்பு கெட்டியான பனியைக் கவ்விப் பிடிப்பதால், சொன்ன பக்கம் வண்டி போகும். ஆனால் புதிதாகக் கொட்டிய பொடிப்பனியில் பெரும்பங்கு காற்றே. அங்கே விளிம்புக்குக் கவ்வ ஒன்றும் இல்லை. இருக்கையில் அமர்ந்தபடி ஹாண்டிலை எவ்வளவு திருப்பினாலும், ஸ்கீகள் பனியைத் தள்ளிக்கொண்டு நேராகவே போகும். முன்னால் மரம் இருந்தால், நேராக மரத்துக்கே போகும்.

ஆழ்பனியில் வண்டியைத் திருப்ப வேண்டுமானால் அதை ஒருபக்கமாகச் சாய்க்க வேண்டும். சாய்ந்த வண்டியின் ஒருபக்க ஸ்கீயும் பட்டையின் ஓரமும் பனிக்குள் இறங்கி வளைவாகக் கோடு கீறிச் செல்லும். இந்தச் சாய்வைத் தொடங்கும் முறைதான் புதியவரைத் திகைக்க வைக்கிறது. இடப்பக்கம் திரும்ப விரும்புபவர் ஹாண்டிலை வலப்பக்கம் திருப்ப வேண்டும்! இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பார்க்கலாம். வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளில் இடப்பக்கம் வளைபவர், தம்மை அறியாமலே முதலில் ஹாண்டிலைச் சற்று வலப்பக்கம் தள்ளுகிறார்; வண்டி இடப்பக்கம் சாய்கிறது. பொடிப்பனியிலும் அவ்வாறே. ஸ்கீகள் வலப்பக்கம் விலக, வண்டியின் பாரம் இடப்பக்கம் சரிகிறது.

பழகுவதற்கு ஏற்ற இடம் மரமும் பள்ளமும் இல்லாத, சமமான, ஆழமான பனி வெளி. பழகுபவர் முதலில் எழுந்து நிற்க வேண்டும். அமர்ந்திருப்பவரால் உடல் பாரத்தை மாற்ற முடியாது. மிதமான வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, இடக்காலை இடப்பக்கப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, முழுப் பாரத்தையும் அதன்மேல் கொடுக்க வேண்டும். ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பி, பெருவிரலால் வேக நெம்பை ஒருமுறை சுருக்கென்று அழுத்தி, இடுப்பை வெளியே தள்ளி வண்டியைத் தம் பக்கம் இழுத்தால் அது சாயும். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைக் கைப்பலத்தால் சாய்க்க நினைப்பவர் அரை மணியில் களைத்துப்போவார். கைகளைவிடக் காலும் இடுப்பும் காலக்கணிப்புமே இங்கே வேலை செய்கின்றன.

சாய்ந்த பிறகு அதைச் சாய்ந்த நிலையிலேயே வைத்திருப்பது அடுத்த பாடம். அளவுக்கு மிஞ்சிச் சாய்ந்து தம்மேல் விழப் பார்த்தால், ஹாண்டிலைச் சாய்ந்த பக்கமே சற்றுத் திருப்ப வேண்டும், வண்டி நிமிரும். முன்னதாகவே நிமிரப் பார்த்தால், மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பிப் பாரத்தைக் கூட்ட வேண்டும். பெருவிரல் நடுங்கக்கூடாது, வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தால் வண்டி தள்ளாடும். பயத்தில் வேகத்தை முற்றாக விட்டுவிட்டால் பட்டை மிதப்பதை நிறுத்திப் பனிக்குள் புதையும். கண்ணும் முக்கியம். மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் மரத்தில்தான் மோதுவார். மரங்களுக்கு இடையிலுள்ள வெளியைப் பார்ப்பவர் அதன் வழியே போவார்.

முதல்நாள் எவரும் பலமுறை புதைவர். அதில் வெட்கமில்லை. புதைந்த வண்டியில் வேகத்தைக் கூட்டினால் பட்டை இன்னும் ஆழமாகக் குழி தோண்டும். யந்திரத்தை நிறுத்தி இறங்கி, முன்னாலுள்ள பனியை மிதித்து அழுத்தி, பட்டையைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டி, துணைக்கு வந்தவர் ஸ்கீயைப் பிடித்து இழுக்க வெளியேறுவதே முறை. வியர்வை ஊறிய பருத்தி உடை பிறகு குளிரில் உடம்பை விறைக்க வைக்கும். ஆகவே உள்ளே கம்பளியோ ஈரம் தங்காத செயற்கை இழை உடையோ அணிய வேண்டும். தனியாக ஒருபோதும் போகக்கூடாது.

இரு பக்கமும் நினைத்த இடத்தில் திரும்ப வந்துவிட்டால், மலைச்சரிவின் குறுக்கே போகும் ஆசை பிறக்கும். அந்த வித்தையும் இதுவே. மேட்டுப்பக்கம் சாய்த்துக்கொண்டு செல்வதுதான் வித்தியாசம். பெற்றோர் அஞ்ச வேண்டிய இடமும் இதுவே. சரிவு முப்பது பாகைக்கு மேற்பட்டால் பனிச்சரிவு நிகழக்கூடிய இடமாகிறது. ஏறும் வண்டியே அதை உடைத்துவிடலாம்.

2008 டிசம்பர் 28ஆம் திகதி, ஃபெர்னி நகருக்கு அருகிலுள்ள மலையில் ஸ்னோமொபைலில் சென்ற 11 பேர் அடுத்தடுத்து விழுந்த பனிச்சரிவுகளில் சிக்கினர். முதலில் புதைந்தவர்களை மீட்க வந்தவர்களும் புதையுண்டனர். 8 பேர் மாண்டனர். எல்லோரும் ஸ்பார்வுட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அந்த மலைகளைத் தெரியாதவர்கள் அல்லர். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் அருகே ஒரு மலையில் ஸ்னோமொபைல் பார்க்கக் கூடியிருந்தவர்கள்மேல் பனிச்சரிவு விழுந்து 2 பேர் இறந்தனர், பலர் காயமுற்றனர்.

இவற்றிலிருந்து பெறும் விதிகள் சில. புறப்படுமுன் ‘அவலாஞ்ச் கனடா’ வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் சைகை அனுப்பும் சிறு ரேடியோக் கருவியை உடம்பில் கட்டியிருக்க வேண்டும். நீண்ட துழாவுகோலும் மண்வெட்டியும் வண்டியில் அல்லாமல் முதுகுப் பையில் இருக்க வேண்டும். புதையுண்டவர் உயிர் தப்பும் வாய்ப்பு முதல் பத்து நிமிடங்களுக்குப் பின் வேகமாகக் குறைவதால், வெளியூர் உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடன் வந்தவர்களே மீட்பர். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவரே ஏற வேண்டும். மற்றவர்கள் சரிவின் அடியில் கூடி நிற்காமல் ஒதுங்கிய இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இவற்றைக் கற்பிக்கும் இரண்டு நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. வண்டிக்குப் பணம் கொடுக்குமுன் அந்த வகுப்புக்குக் கொடுப்பது புத்தி.

சக்தி வாய்ந்த வண்டி எந்த இளைஞரையும் மலையின்மேல் ஏற்றிவிடும். ஏறியபின் அங்கிருந்து திரும்புவது வண்டியின் வேலை அன்று, அவருடைய வேலை. சமவெளியில் இருபக்கமும் வளைந்து வரத் தெரியாதவர் சரிவில் ஏறினால், ஆபத்தைக் கண்டும் விலக முடியாமல் நேராகவே போவார். ஆகவே, திரும்பப் பழகிய பின்பே ஏறப் பழக வேண்டும். இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால், மாலையில் தொலைபேசி மணிக்காக வீட்டில் காத்திருக்கும் தாய் தந்தையருக்கும் ஓரளவு ஆறுதல் கிடைக்கும்.