ஊர்க்காரருக்கு ஆகாத சூது

அந்தி சாய்ந்த பிறகு பனாஜியில் மாண்டவி ஆற்றங்கரைக்குப் போனால், நடு ஆற்றில் விளக்கலங்காரத்தோடு கேசினோ கப்பல்கள் மிதப்பதைப் பார்க்கலாம். கரையிலிருந்து படகுகள் ஆட்களை ஏற்றிப்போய் விட்டு வருகின்றன. அங்கே சூதாட உள்ளூர்க்காரருக்கு மட்டும் அனுமதி இல்லை. 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மாநிலத்தவர் கேசினோவில் ஆடக்கூடாது என்று தடுத்திருப்பது, அவற்றுக்கு உரிமம் தரும் அதே அரசு.

கேசினோ வந்தால் ஊர் செழிக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஊருக்கு நல்லதென்றால் ஊர்க்காரரை ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? கண்டிப்புக்குப் பெயர்போன சிங்கப்பூரும் 2010இல் இரண்டு கேசினோக்களைத் திறந்தபோது, வெளிநாட்டவரைக் கட்டணமின்றி விட்டது. சொந்தக் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் நாளுக்கு 100 வெள்ளி நுழைவு வரி கேட்டது. 2019இல் அதையும் 150 ஆக்கியது.

வருமானம் வருகிறது, வேலை கிடைக்கிறது. மறுக்கவில்லை. அந்தப் பணம் யாருடையது? ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வைத்தால் கையை விட்டுப் போவது 3,700. எந்த எண் விழுந்தாலும் திரும்புவது, வைத்த நூறும் சேர்த்து, 3,600. திருட்டுத்தனம் எதுவும் தேவையில்லை. ஆட்டம் நீண்டால் போதும். தோற்றவர் ஊர் திரும்பி அடகு வைக்கும் வளையல் கோவாவின் வரவு செலவுக் கணக்கில் ஏறாது. அது பெலகாவியிலோ புனேயிலோ ஒரு வீட்டின் கணக்கு. தன் மக்களைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த ஊர்க் குடும்பத்தின் பணத்தில் கஜானாவை நிரப்புவதற்குச் சுற்றுலா வளர்ச்சி என்று பெயர்!

இது ஒரே நாளில் வந்ததல்ல. கோவாவின் 1976ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, 1992இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996இல் கப்பல்களுக்கும் வழி விட்டார்கள். பிறகு, மாண்டவியிலிருந்து அவற்றை அகற்றுவோம் என்று சொல்லிக்கொண்டே, ஆறு ஆறு மாதமாக அனுமதியை நீட்டித்தார்கள். கேசினோ கேட்கும் மற்ற மாநிலங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: பணம் பழகிவிட்டால் அரசால் விட முடிவதில்லை.

அடுத்த நீட்டிப்புக் கோப்பு வரும்போது கோவா அமைச்சரவை அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். கப்பல்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மாற்று வேலைக்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்கலாம். அதற்கான செலவைக் கேசினோ உரிமக் கட்டணத்திலிருந்தே எடுக்கட்டும்.