ஒரு லிட்டரை எந்தப் பாத்திரத்தால் அளப்பது?

நீர்ப்பதற்கு முன்பும் பின்பும் செறிவு, கனஅளவு ஆகியவற்றின் பெருக்கற்பலன் மாறாது. இச்சூத்திரத்தை நம் மாணவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதுகின்றனர். ஆனால் அக்கனஅளவை எந்தப் பாத்திரத்தால் அளப்பது என்பதை வினாத்தாள்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. மருந்துக் கரைசல்களில் ஆபத்து பிறக்கும் இடம் அதுதான் என்பது என் கருத்து.

ஓ.ஆர்.எஸ். பொடியை எடுத்துக்கொள்வோம். 1971-இல் வங்க அகதிகள் தங்கியிருந்த பன்காவ்ன் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் குழுவினர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றை நிறுத்துப் பொட்டலமிட்டு, பெரிய கலன்களில் கரைத்து வழங்கினர். அங்கே கணக்குப் போட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இன்று அதே கணக்கை ஒவ்வொரு வீட்டுச் சமையலறையும் போடுகிறது.

2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பரிந்துரைத்த கலவையின் எடை 20.5 கிராம். ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல், மொத்தச் சவ்வூடு செறிவு 245. அதே பொடியை 200 மி.லி. தம்ளரில் கரைத்தால் இரண்டும் ஐந்து மடங்காகும்: சோடியம் 375, மொத்தம் 1225. இரத்தத்தின் செறிவோ ஏறத்தாழ 290. ஆகவே அக்கரைசல் குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கும். இரத்தத்தில் சோடியமும் ஏறும். நீரிழந்த குழந்தைக்குக் கொடுத்த மருந்தே அதன் நீரிழப்பைக் கூட்டும். மாறாக, 200 மி.லி.க்கான சிறு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 15 ஆகக் குறைந்து மருந்து பயனற்றுப்போகும். நம் கடைகளில் இவ்விரு அளவுப் பொட்டலங்களும் அருகருகே விற்கப்படுகின்றன.

தாய்மார்களின் அறியாமை என்று இதை ஒதுக்குவது நேர்மையன்று. அளவு குறிக்கப்பட்ட குவளை இல்லாத வீட்டில் ‘ஒரு லிட்டர்’ என்பது வெறும் சொல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோ பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. பொட்டலத்தின் முகப்பில் அந்தப் பாட்டிலின் படமும், வட்டார மொழியில் பெரிய எழுத்தில் நீரின் அளவும் இருக்கவேண்டும். தில்லி லோதி சாலையை ஒட்டிய லோதி எஸ்டேட்டில் யுனிசெப்பின் இந்திய அலுவலகம் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அச்சாலையிலேயே இயங்குகிறது. புதிய மருந்துக்கு இணையான கவனத்தை இத்தகைய அமைப்புகள் பழைய மருந்தின் அளவுப் பாத்திரத்துக்கும் தரவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த செய்முறை வகுப்பில் சரியான கரைசலோடு நிறுத்தாதீர்கள். தவறான பாத்திரத்தில் கரைத்தால் என்ன செறிவு வரும் என்பதையும் மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள்.